அம்மா என்ன கிளை

குண்டு மிளகாயைக் களத்தில் பரப்பி, மூன்றாம் நாள் வெயிலில் கைவிட்டுப் புரட்டும்போது கிளம்புகிற நெடி மூக்கில் தங்காது. நேராகத் தொண்டைக்குழியில் போய் உட்காரும். தும்மல் வரும் போலிருக்கும், வராது. அழுகை வரும் போலிருக்கும், அதுவும் வராது. ஐம்பதை நெருங்குகிற இந்த வயதிலும், பரமக்குடியில் வற்றல் மூட்டைகள் அடுக்கிய கடைவாசலைக் கடக்க நேர்ந்தால், அந்த நெடியோடு ஒரு கேள்வியும் எனக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "நீ என்ன கிளைடி?" எங்கள் ஊர் மிளகாய்க் கொல்லையில் பழம் பறிக்க வந்து சேரும் புதுப்பெண் எவளையும், பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. கேட்டு முடித்தவுடன் அவளை அக்கா என்பதா, மதினி என்பதா, சித்தி என்பதா என்று முடிவாகிவிடும். பெயரைப் பிறகு மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அபிராமத்துக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவில் பஸ் நின்று போகிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. பெயர் வேண்டாம், கதையில் வருகிறவர்களில் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எங்கள் சனத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு அடையாளம் உண்டு. குலதெய்வம் அப்பன் வழி வருவது. அப்பன் கும்பிட்ட சாமியை மகன் கும்பிடுவான், கட்டிக்கொண்டு வந்தவளும் கும்பிடுவாள். கிளை அப்படியில்லை, அது ஆத்தா வழி. ஆத்தா எந்தக் கிளையோ, அவள் வயிற்றில் பிறந்த அத்தனை பேரும் அந்தக் கிளை. மகள் வழியாக அது அடுத்த தலைமுறைக்குப் போகும், மகனோடு நின்றுவிடும். ஒரே கிளைக்காரர்கள் முன்பின் முகம் பார்த்திராவிட்டாலும், ஒருவர் கடற்கரையிலும் இன்னொருவர் கரிசலிலும் பிறந்திருந்தாலும், அண்ணன் தங்கச்சிதான். அவர்களுக்குள் கல்யாணப் பேச்சை எடுப்பதே பாவம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

பதினாறாம் வாய்ப்பாட்டில் பாதியில் நின்றுபோகும் நான், இந்தக் கணக்கில் மட்டும் புலி. யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால், தட்டில் வைத்த கையை எடுக்காமல் சொல்லிவிடுவேன். அய்யா அகத்தியர் கிளை. அம்மா சங்கரன் கிளை. ஆகவே நானும் தனம் அக்காவும் சங்கரன் கிளை. என் வாயைப் பார்த்துக் கொல்லையில் எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். "பேசுற வாய்க்குப் பூட்டு ஒண்ணு வாங்கணும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து பறித்துக்கொண்டே போவாள். அப்போது எனக்கு அது வெறும் செல்லக் கண்டிப்பாகத்தான் பட்டது.

அய்யாவுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. எங்களுக்குப் பூமயில் அத்தை. தாய் தகப்பனை ஒரே வருஷத்தில் இழந்த தம்பியைத் தன் இடுப்பில் வைத்து வளர்த்தவள், பிறகு புருஷனையும் இழந்து, கமுதிப் பக்கம் ஒற்றை மகனோடு ஆடு வைத்துப் பிழைத்தவள். அந்த மகன்தான் சேகர் மச்சான். அத்தையும் அய்யாவும் ஒரு வயிற்றில் பிறந்ததால் அத்தை அகத்தியர், மச்சானும் அகத்தியர். நாங்கள் சங்கரன். கிளை வேறு, உரிமை உண்டு. தனம் அக்கா தொட்டிலில் கிடந்தபோதே, "எம்மகனுக்குத்தான்" என்று அத்தை சொல்லிவிட்டதாகவும், அய்யா சரியென்று தலையசைத்ததாகவும் எங்கள் வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். மச்சான் முதுகுளத்தூரில் மோட்டார் பழுது பார்க்கும் கடையில் இருந்தார். அவருடைய வண்டிச் சத்தம் கண்மாய்க் கரையில் கேட்டதும் அக்கா உள்ளே போய் முகம் கழுவுவாள். ஒன்றும் தெரியாதவள்போலத் திரும்பி வந்து உட்காரும்போது காதோரத்தில் பவுடர் திட்டாக ஒட்டியிருக்கும். நான் கேலி செய்தால் தலையில் குட்டுவாள். குட்டிய கையாலேயே சடையும் பின்னிவிடுவாள்.

எனக்குப் பதினொரு வயதான ஆண்டு அக்காவுக்குப் பதினெட்டு முடிந்தது. கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினாள். அம்மா பிடி கொடுக்கவில்லை. முதலில் டீச்சர் படிப்பு படிக்கட்டும் என்றாள். அக்கா பத்தாம் வகுப்போடு நின்றவள் என்று அய்யா நினைவுபடுத்தியதும், சாதகம் பார்க்கவில்லையே என்றாள். சாதகம் பார்த்து, பொருந்தியும் வந்தது. பிறகு மச்சான் கண் கொஞ்சம் சாய்வு என்றாள். அதைக் கேட்டு அக்காவே அழுதாள். அத்தையோடு அம்மாவுக்கு எந்தச் சண்டையும் கிடையாது. ஒரு தட்டில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகம். என்ன காரணத்துக்காக மறுக்கிறாள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அம்மாவும் ராத்தூக்கம் இல்லாதவள்போல இளைத்துக்கொண்டே போனாள்.

அந்த ஆடி அமாவாசைக்கு என்னை மாரியூருக்குக் கூட்டிப்போனாள். வருஷா வருஷம் அவள் மட்டும் பஸ் ஏறிப் போய்க் கடலில் குளித்துவிட்டு வருவாள். கேட்டால் நேர்த்திக்கடன் என்பாள். சாயல்குடியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, உப்புக்காற்றில் உதடு வெடிக்க நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்கச் சனம். வரிசையாக உட்கார்ந்திருந்த ஐயர்களில் ஒருவருக்கு அம்மாவைத் தெரிந்திருந்தது. பெண்பிள்ளை தர்ப்பணம் கொடுக்கக் கூடாது என்று முதல் வருஷம் மறுத்தாராம். ஆண் வாரிசு இல்லை என்று அம்மா நின்றுகொண்டே இருந்ததால், அரிசியும் வாழைக்காயும் தானமாக, பேர் சொல்லி வாங்கிக்கொள்ளச் சம்மதித்தாராம். யார் பேருக்கு என்று கேட்டார். "காளியம்மா" என்றாள் அம்மா. எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. கோத்திரம் என்ன என்று கேட்டுவிட்டு, தெரியாதென்றால் சிவகோத்திரம் என்று தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

"எங்களுக்குக் கோத்திரம் இல்ல சாமி. கிளைதான். அகத்தியர் கிளை."

புலியல்லவா நான், சும்மா இருப்பேனா? "நம்ம சங்கரன்லம்மா" என்று திருத்தினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து என் கையில் கீறியது. குளித்து முடித்து, கரையேற்றி வைத்த வள்ளங்களுக்கு அந்தப் பக்கம், ஈரச்சேலையோடு மணலில் உட்கார்ந்து, அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை அவள் என்னிடம் சொன்னாள். பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று இன்றைக்குக் கேட்கலாம். பதினெட்டு வருஷம் ஒன்றை மென்று விழுங்கிக்கொண்டே இருந்தவளுக்கு, கேட்க ஒரு காது கிடைத்ததே பெரிதாக இருந்திருக்கும்.

அம்மாவைப் பெற்றவள் காளியம்மா, பிள்ளை பெற்ற நாற்பதாம் நாளே இறந்துபோனாள். சரியாகக் கவனிக்கவில்லை என்று காளியம்மாவின் ஆட்கள் சண்டைபோட்டு, உறவை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு மாதத்தில் அம்மாவின் தகப்பன் இன்னொருத்தியைக் கட்டினார். வந்தவள் மாற்றாந்தாய்க் கொடுமை எதுவும் செய்யவில்லை. தன் வயிற்றில் பிறந்ததைவிடப் பாசமாக வளர்த்தாள், தான் பெற்றவள் இல்லை என்ற பேச்சையே வீட்டில் எழவிடவில்லை. அம்மாவுக்குக் கல்யாணம் பேச அய்யா வீட்டார் வந்து பெண் என்ன கிளை என்று கேட்டபோது, தகப்பன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு "சங்கரன் கிளை" என்று தன் கிளையைச் சொல்லிவிட்டாள். "எம்மக" என்று காட்டிக்கொள்கிற பெருமை. தகப்பனும் சபையில் அவளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பேசாமல் இருந்துவிட்டார். பொய் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. பிள்ளை தாயில்லாதவளாகத் தெரியக்கூடாது என்று மட்டும் நினைத்தார்கள்.

தனம் அக்கா பிறந்த தொண்ணூறாம் நாள், காளியம்மாவின் அண்ணன், அம்மா அதுவரை பார்த்தேயிராத தாய்மாமன், குழந்தைக்கு வெள்ளி அரைஞாணோடு வந்து வாசலில் நின்றார். கோபதாபமெல்லாம் போகட்டும் என்று வந்த மனிதர். தண்ணீர் குடித்துக்கொண்டே, "மாப்பிள்ளை என்ன கிளை தாயி?" என்று கேட்டார். அகத்தியர் என்றாள் அம்மா. அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார். "ஒங்க ஆத்தா அகத்தியருடா தாயி. ஒன்னையப் பெத்தவ அகத்தியரு." அப்புறம், யாரிடமும் வாயைத் திறந்துவிடாதே என்று சொல்லி, பொங்கிக்கொண்டிருந்த சோற்றுக்குக்கூட நிற்காமல் போனவர், திரும்பி வரவேயில்லை.

அப்படியானால் அம்மா அகத்தியர். அய்யாவும் அகத்தியர். எங்கள் கணக்குப்படி அவர்கள் அண்ணன் தங்கச்சி. நானும் அக்காவும் அகத்தியர், சேகர் மச்சானும் அகத்தியர். அக்கா ஆசை ஆசையாகக் காத்திருந்தது அவளுக்கு அண்ணன் முறையானவருக்காக. அம்மா வாயைத் திறந்தால் அவள் கல்யாணம் பாவமாகும், திறக்காவிட்டால் மகள் கல்யாணம் பாவமாகும். "ஒங்கய்யாவுக்குத் தெரிஞ்சா அந்த மனுசன் செத்துருவாருடி" என்று சொல்லி, கடல்தண்ணீர் சொட்டுகிற தன் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். கை வைத்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில், அய்யாவை இனிமேல் மாமா என்று கூப்பிட வேண்டுமா என்று எண்ணியெண்ணிக் குழம்பிக்கொண்டே வந்தேன். என் கணக்குப் புலமை அன்றைக்கே முடிந்துபோனது.

ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

மாசிக் களரித் திருவிழாவுக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் எல்லோரும் கூடினார்கள். பிறந்த வீட்டுச் சாமி என்று அத்தையும் மச்சானோடு வந்திருந்தாள். களரி முடிந்த மறுநாள் மத்தியானம், முற்றம் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் அத்தை பித்தளைத் தட்டில் வெற்றிலையும் பழமும் எடுத்துவைத்து, பங்குனி கழிந்து சித்திரையில் பரிசம் போட நாள் சொல்லச் சொன்னாள். அம்மா சுவரோடு சாய்ந்து நின்று, இப்போது வேண்டாம் என்றாள். ஏன் என்று அய்யா கேட்டார். இரண்டாம் தரம் கேட்டார். அய்யா கை நீட்டுகிற மனிதர் இல்லை. சத்தம் போடுகிறவரும் இல்லை. அன்றைக்குத் தன்னை வளர்த்த அக்காவின் முன்னால் தலை இறங்கிப் போனதில் அவருடைய குரலே மாறிவிட்டது.

"காரணம் ஒண்ணச் சொல்லு. இல்லாட்டி இப்பவே பஸ் ஏறி ஒந்தாய் வீட்டுக்குப் போயிரு. திரும்பி இங்கன வராத."

அம்மா கொடியில் கிடந்த மாற்றுச் சேலையை எடுத்து மஞ்சப்பையில் வைத்தாள். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் போய்விடுவாள், சொல்லாமலே போய்விடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, மற்ற எல்லோரையும் கெடுத்தேன்.

"அம்மாவும் அகத்தியராம்யா. அம்மாவப் பெத்தவுக வேறயாம். மாரியூர்ல சொல்லுச்சு. மச்சான் நமக்கு அண்ணன் முறையாம்."

அய்யா முதலில் சிரித்தார். சிறுபிள்ளை உளறுகிறது என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தவர், அங்கே கண்டதில் சிரிப்பை விட்டார். எப்போது தெரியும் என்று கேட்டார். "தனம் பொறந்த தொண்ணூறாம் நாளு" என்றாள் அம்மா. வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. அத்தைதான் அழுதாள். "அப்ப இவ எனக்குத் தங்கச்சியால்ல ஆகுறா தம்பி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுதுகொண்டே தட்டில் இருந்த வெற்றிலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, காம்பு ஒடியாமல் அடுக்கி, தன் பைக்குள் திரும்ப வைத்தாள். அந்த நேரம் தனம் அக்கா காப்பித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தட்டை அவள் கீழே போடவில்லை. அத்தைக்குக் கொடுத்தாள், அய்யாவுக்குக் கொடுத்தாள். சேகர் மச்சானின் முன்னால் போனதும், கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அவரே கை நீட்டி எடுத்துக்கொண்டார், ஆனால் குடிக்கவில்லை.

விஷயம் வீட்டுக்கு வெளியே போகவில்லை. தம்பி மானம் போகக்கூடாது என்று அத்தை கேட்டவர்களிடம் எல்லாம் பொருத்தம் சரியில்லை என்று சொன்னாள். அய்யா அம்மாவைத் துரத்தவில்லை. மஞ்சப்பையில் இருந்த சேலையை அம்மா திரும்பக் கொடியில் போட்டாள், அவ்வளவுதான். மறுநாளே அய்யா தன் கட்டிலைத் தூக்கி ஆட்டுக் கொட்டடிப் பக்கம் போட்டுக்கொண்டார். அம்மா சமைத்ததைச் சாப்பிட்டார், அதை நான் எடுத்து வைக்க வேண்டும். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை, "ஒங்கம்மாட்டச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். நான் கல்யாணமாகிப் பரமக்குடிக்கு வந்த பிறகு ஆட்டிடம் சொல்ல ஆரம்பித்தாராம். "இன்னைக்கு முதுகுளத்தூர் போறேன், வர நேரமாகும்" என்று கிடாயின் முகத்தைப் பார்த்துச் சொல்வாராம். அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்குமாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

என்னை ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் அழுது தீர்த்திருப்பேன். அக்கா அதற்குப் பிறகு எனக்குச் சடை பின்னிவிடவில்லை. சீப்பை எடுத்துக்கொண்டு போனால், கை வலிக்கிறது என்பாள். அந்த ஆவணியில் அபிராமம் பஸ் நிறுத்தத்தில் நானும் அவளும் நின்றிருந்தபோது, சேகர் மச்சான் வண்டியில் வந்து எதிரே நிறுத்திவிட்டார். எங்களைப் பார்த்துவிட்டு வண்டியின் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அக்காதான் முதலில் பேசினாள். "நல்லாருக்கீகளா அண்ணே?" என்று கேட்டாள். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடச் சொல்லவில்லை. வாயில் ஒருதடவை வந்துவிட்டால் பிறகு பழகிவிடும் என்று அவளாகவே முடிவு செய்திருக்க வேண்டும். அவர் தலையாட்டினார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் அதைத் தட்டிவிடவில்லை.

அக்காவுக்குச் சங்கரனும் இல்லாமல் அகத்தியரும் இல்லாமல், எது உண்மையாக இருந்தாலும் ஒத்துவருகிற வெட்டுவான் கிளையில் தேடிப்பிடித்து, திருப்பூரில் லாரி ஓட்டுகிறவருக்குக் கொடுத்தார்கள். அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். நல்லவர் என்று சொல்லவும் ஒன்றுமில்லை, கெட்டவர் என்று சொல்லவும் ஒன்றுமில்லை. கல்யாணச் சபையில் பெண் என்ன கிளை என்று கேட்டபோது, அய்யா பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு சங்கரன் என்றார். அதுதான் அவர் வாழ்க்கையில் தெரிந்தே சொன்ன ஒரே பொய்யாக இருக்கும்.

அய்யா இறந்து ஏழு வருஷமாகிறது. கடைசி நாளில், பஞ்சவர்ணம் என்று தன் பெயரைச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டார் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நானும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குக் கேட்கவில்லை.

போன ஆவணியில் என் மகளுக்கு நிச்சயம். சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிற பையன், எங்கள் சனம்தான், அவளே பார்த்துச் சொன்னாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, திருப்பூரிலிருந்து வந்திருந்த தனம் அக்கா பையனின் அம்மாவைப் பார்த்து, "சம்மந்தி, நீங்க என்ன கிளை?" என்று கேட்டாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். "கிளையா? அதெல்லாம் எங்க மாமியாரோட போச்சு. பிள்ளைகளுக்குப் பிடிச்சிருக்கு, அப்பறம் என்ன பாக்குறது?" கூட இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வண்டிச் சத்தம் கேட்டுக் கழுவிய முகம். அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, காளியம்மாவின் ஊருக்குப் போய் ஒருதரம் கேட்டுவிட்டு வா என்றாள். அந்தத் தாய்மாமன் சொன்னதைத் தவிர அவளிடம் வேறு சாட்சியே கிடையாது. ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம் நின்றுபோன மனிதரின் ஒரே பேச்சு. இத்தனை காலம் அதைச் சோதித்துப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. உண்மை என்றாலும் தாங்க முடியாது, பொய் என்றாலும் தாங்க முடியாது. "சாகுறதுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்" என்றாள்.

போனேன். முதுகுளத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி நடந்தால், காளியம்மாவின் வீடு இருந்த இடத்தில் கருவேலஞ்செடி தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. தாய்மாமன் இறந்து ரொம்ப காலம், பிள்ளைகள் பிழைக்கப் போன இடம் ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த வீட்டாட்கள் சங்கரன் கிளை என்றுதான் நினைவு என்றார். இன்னொரு தரம் கேட்டேன். உள்ளேயிருந்து அவர் மனைவி, இல்லை, அகத்தியர் என்று சத்தம் கொடுத்தார். இருவரும் என்னை மறந்துவிட்டு, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஏதோ கல்யாணத்தை வைத்து வாதாடினார்கள். அவர்களுடைய பேரன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுப் பார்க்கவா என்றான். கேட்டான். மலேசியாவிலிருந்து ஒருவர் வெட்டுவான் என்று போட்டார். இன்னொருவர் கைகூப்பிய படம் போட்டார். "சரியாத் தெரியலக்கா" என்றான் பேரன். அவனுக்கு அவனுடைய கிளையும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். நான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லி முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. இப்போது சொல்ல வேண்டிய ஒன்று என் வாயில் இருந்தது. ஒரு புருஷனோடு பேச்சில்லாமல் கழிந்த காலமெல்லாம் ஒன்றுமில்லாததற்காக இருக்கலாம் என்று எண்பதை நெருங்குகிறவளிடம் எப்படிச் சொல்வது?

"அகத்தியர்தான்னாக" என்றேன்.

"அப்பச் சரி" என்று அம்மா மூச்சு விட்டாள். சற்று நேரம் கழித்து, அக்காவுக்குப் போன் போடச் சொன்னாள். அவளும் நிம்மதியாக இருக்கட்டும் என்றாள். போட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மறுமுனையில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லாக் கேட்டியாடி?" என்றாள். நல்லாக் கேட்டேன் என்றேன். அவள் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப நான் அண்ணன்னு கூப்பிட்டது சரிதான்" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

அம்மா இந்தத் தை மாதம் போய்ச் சேர்ந்தாள். எங்கள் ஊர்க் கொல்லைகளில் இப்போதும் மிளகாய் விளைகிறது. பறிக்க வருகிற பெண்கள் வேனில் வந்து இறங்குகிறார்கள், செல்போனில் பாட்டு ஓடுகிறது, யாரும் யாரையும் என்ன கிளை என்று கேட்பதில்லை. என் மகள் கேட்கப்பட மாட்டாள், அவள் பிள்ளைகளும் கேட்கப்பட மாட்டார்கள். அது நல்லதுக்குத்தான், மனதார நல்லதுக்குத்தான். ஆனால் கேள்வி போனபோது பதில் தெரிந்தவர்களும் கூடவே போய்விட்டார்கள், எங்கள் வீட்டுக் கணக்கை மட்டும் தீர்க்காமல். அக்கா என்னைவிட அதிகம் படிக்கிறவள்; பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு, நூலகத்தில் ஒரு புத்தகம் விடாமல் புரட்டுவாள். இதையும் படிப்பாள் என்றுதான் எழுதுகிறேன். நேரில் சொல்ல என் வாய்க்கு இன்னும் தைரியம் வரவில்லை, அக்கா. அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.